முன்பே இருந்த பொருள்: வடிவமைப்புக் காப்புரிமை வழக்கில் பிரதிவாதியின் கேடயம்

2002 நவம்பரில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் நடந்த படகுக் கண்காட்சியில் ஒரு செருப்பு விற்பனைக்கு வந்தது. நுரை போன்ற லேசான பொருளில் வார்த்தது. மேற்புறம் வட்டத் துளைகள், குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை. பின்னாளில் உலகெங்கும் குழந்தைகளும் செவிலியர்களும் சமையல்காரர்களும் அணிந்த க்ராக்ஸ் அதுதான். 2004 மே 28 அன்று அந்த நிறுவனம் செருப்பின் தோற்றத்துக்கு அமெரிக்காவில் வடிவமைப்புக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பதிவு வாங்கியது.

பிறகு வந்த வழக்குகளைப் பாருங்கள். 2010 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் க்ராக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பாட்டா, லிபர்ட்டி, ரிலாக்ஸோ முதலிய நிறுவனங்களுக்கு எதிராக க்ராக்ஸ் கேட்ட இடைக்காலத் தடையைத் தர மறுத்தது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், அங்கே அதன் பதிவு செல்லாது என்ற முடிவை உறுதிப்படுத்தியது. மூன்று இடங்களிலும் செருப்பு ஒன்றுதான்.

இந்த முரண் எப்படி வந்தது என்று தேடிப் போனால், வடிவமைப்பு உரிமை என்ற துறை முழுவதற்குமே சாவி கிடைத்துவிடுகிறது. 'காப்பி அடித்தாயா?' என்ற கேள்வியைத்தான் எல்லோரும் மையமாக நினைக்கிறார்கள். மையம் அங்கே இல்லை. இதற்கு முன் உலகம் எதைப் பார்த்திருந்தது, அதை யார் தேதியோடு காட்ட முடியும் என்பதில் இருக்கிறது. வழக்கைச் சந்திக்கும் சிறு உற்பத்தியாளர் இதை அறியாமல், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கடையை மூடுவதும் உண்டு, செய்த தவறுக்கு அறியாமையைச் சாக்காகச் சொல்லித் தோற்பதும் உண்டு. இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

படம்தான் உரிமை

மிக்ஸியின் மோட்டார் புதுவிதமாக இயங்கினால் அது கண்டுபிடிப்புக் காப்புரிமைக்கான பொருள். மிக்ஸி பார்ப்பதற்குப் புதுவிதமாக இருந்தால், அந்தத் தோற்றம் மட்டும் வடிவமைப்பு உரிமைக்கான பொருள். இரண்டையும் நம் சந்தையில் ஒரே சொல்லால் 'பேட்டன்ட்' என்கிறார்கள். நோட்டீஸ் வந்த நாளில் முதல் குழப்பமே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தோற்றத்துக்கே காப்புரிமை என்ற பெயரைக் கொடுத்த நாடு அமெரிக்கா. 1842இல் அதற்குச் சட்டம் வந்தது. முதல் உரிமை அச்செழுத்து வார்ப்பாளர் ஜார்ஜ் புரூஸ் உருவாக்கிய எழுத்துரு ஒன்றுக்குக் கிடைத்தது. சுதந்திர தேவி சிலையை வடித்த பிரெஞ்சுச் சிற்பி பார்த்தோல்டி, 1879இல் அந்தச் சிலையின் தோற்றத்துக்கு வடிவமைப்புக் காப்புரிமை பெற்றார். 2015 மே 13 முதல் விண்ணப்பித்தவற்றுக்கு, உரிமை வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள் ஆயுள். அதற்கு முந்தையவற்றுக்கு 14. கண்டுபிடிப்புக் காப்புரிமையைப் போல இடையிடையே கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டியதில்லை.

கண்டுபிடிப்புக் காப்புரிமை பக்கம் பக்கமாக எழுத்தால் ஆனது. வடிவமைப்புக் காப்புரிமையில் உரிமைகோரல் ஒரே வாக்கியம்: இன்ன பொருளின் அலங்கார வடிவமைப்பு, படத்தில் காட்டியபடி. மற்றதெல்லாம் கோட்டோவியங்கள். அழுத்தமான கோட்டில் வரைந்தது உரிமைக்குள் வரும். புள்ளிக்கோட்டில் வரைந்தது சூழலைக் காட்டுவதற்கு மட்டும், அதற்கு உரிமை இல்லை. எனவே ஒரு நோட்டீஸைப் படிக்கத் தெரிவது என்றால் முதலில் இந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிவதுதான். ஆப்பிள் நிறுவனம் சாம்சங்குக்கு எதிராகப் பயன்படுத்திய உரிமைகளில் ஒன்று, கைபேசியின் முன்முகத்தை மட்டும் அழுத்தக் கோட்டில் வரைந்து, மிச்ச உடலைப் புள்ளிக்கோட்டுக்குத் தள்ளியிருந்தது. இதனால் பின்புறமும் பக்கவாட்டும் எப்படி வேறுபட்டிருந்தாலும் அந்த வேறுபாடு எதிராளிக்கு உதவாமல் போயிற்று. புள்ளிக்கோடு கூடக் கூட உரிமையின் வலை விரிகிறது. அதே சமயம், விரிந்த வலையில் பழைய பொருள்களும் சிக்கும், உரிமையே பலவீனப்படும். வலையை விரித்தவர் ஏற்றுக்கொண்ட ஆபத்து அது. பிரதிவாதிக்கு அங்கே ஒரு வாசல் திறக்கிறது.

இந்தியாவில் இது காப்புரிமை அல்ல, பதிவு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம் 2001 மே 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் 10 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. வடிவமும் உருவமைப்பும், கோலமும் அலங்காரமும், கோடுகள் அல்லது வண்ணங்களின் சேர்க்கையும் முடிவுற்ற பொருளில் கண்ணால் மட்டுமே மதிப்பிடப்பட வேண்டும் என்கிறது சட்டம். இயந்திர அமைப்பாக மட்டுமே இருப்பதை அது ஏற்பதில்லை. பதிவுச் சான்றிதழ் கையில் இருப்பது மட்டுமே அந்த வடிவமைப்பு உண்மையில் புதியது என்பதற்கு முடிவான சாட்சி அல்ல. அதை வழக்கில் கேள்வி கேட்கலாம் என்பதைச் சட்டமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

யாருடைய கண்?

இந்தத் துறையின் மூல வழக்கு ஒரு கரண்டியைப் பற்றியது. ரோட் ஐலண்டில் வெள்ளிப் பாத்திரங்கள் செய்த கோர்ஹம் நிறுவனம், கரண்டி, முள்கரண்டிக் கைப்பிடிகளுக்கு 1861இல் ஒரு வடிவமைப்புக் காப்புரிமை வாங்கியது. சந்தையில் அது நன்றாக ஓடியது. அதைப் போன்ற கைப்பிடிகளை ஒயிட் என்பவர் விற்றார். கீழ் நீதிமன்றம், நிபுணர் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும் என்று ஒயிட்டை விட்டுவிட்டது. 1870களின் தொடக்கத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. நிபுணரின் கண் அளவுகோல் அல்ல. வாங்குபவர் வழக்கமாகச் செலுத்தும் கவனத்தோடு பார்க்கும் சாதாரண மனிதர், ஒன்றை மற்றதென நினைத்து வாங்கிவிடும் அளவுக்கு ஒற்றுமை இருந்தால் அது மீறல்.

ஒன்றரை நூற்றாண்டாக இந்த அளவுகோல் நிற்கிறது. ஆனால் தனியாக நின்றால் அது பிரதிவாதிக்குக் கொடுமையானது. எல்லாக் கரண்டியும் கரண்டியைப் போலத்தான் இருக்கும். எல்லாக் குடமும் வயிறு பெருத்துக் கழுத்துச் சிறுத்துத்தான் இருக்கும். முன்பின் எதுவும் பார்த்திராத ஒருவரிடம் இரண்டு குடங்களைக் காட்டினால் 'ஒரே மாதிரி இருக்கிறது' என்றுதான் சொல்வார்.

இந்த ஓட்டையை அடைத்தது 2008 செப்டம்பரில் வந்த எஜிப்ஷியன் காடெஸ் தீர்ப்பு. பொருள், நகம் தேய்க்கும் ஒரு சின்னக் கருவி. வாதியின் வடிவமைப்பு சதுர வாயுள்ள உள்ளீடற்ற நீள்குழல், நான்கு பக்கங்களில் மூன்றில் தேய்ப்புப் பட்டை. எதிராளி ஸ்விசாவின் கருவியும் சதுரக் குழல்தான், ஆனால் நான்கு பக்கங்களிலும் பட்டை. முன்பே சந்தையில் இருந்த நெயில்கோ கருவி முக்கோணக் குழல், மூன்று பக்கங்களிலும் பட்டை. இந்தப் பழைய கருவியை அருகில் வைத்தவுடன் காட்சி மாறுகிறது. பழையதில் எல்லாப் பக்கமும் பட்டை உண்டு. ஸ்விசாவிலும் எல்லாப் பக்கமும் உண்டு. வாதியின் வடிவமைப்பில் மட்டும் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறும் பக்கத்தை ஸ்விசா எடுக்கவில்லை, எனவே மீறல் இல்லை. சாதாரண வாங்குபவர் என்பவர் வெற்றுக் கண்ணோடு வருபவரல்ல, முன்பே இருந்த பொருள்களை அறிந்தவர் என்று, காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் அமெரிக்க நீதிமன்றமான ஃபெடரல் சர்க்யூட் முழு அமர்வாக அறிவித்தது. அந்தப் பழைய பொருள்களை நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைக்கும் பொறுப்பு பிரதிவாதியுடையது என்றும் சேர்த்துச் சொன்னது.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சட்டம் ஒரு பெரிய கேடயத்தைச் செய்து சுவரில் மாட்டியிருக்கிறது. எடுத்துப் பிடிக்க வேண்டியவர் நோட்டீஸ் வாங்கியவர்தான். நீதிபதி தானாகப் போய்ப் பழைய கேட்லாக்குகளைப் புரட்ட மாட்டார்.

2020இல் வந்த லானார்டு பொம்மை வழக்கு இதன் வலிமையைக் காட்டுகிறது. பிள்ளைகள் தரையில் படம் வரைய, சாக்பீஸைச் செருகிப் பிடிக்கும் பென்சில் வடிவக் கருவி. லானார்டுக்கு அதில் வடிவமைப்புக் காப்புரிமை இருந்தது. போட்டி நிறுவனம் லானார்டின் கருவியையே சாம்பிளாக வைத்துக்கொண்டு தன்னுடையதை வடிவமைத்தது. அப்படியும் மீறல் இல்லை என்றுதான் தீர்ப்பு. ஏனென்றால் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது பென்சிலின் உருவம். பென்சிலை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அந்த உருவத்துக்கு மேல் லானார்டு சேர்த்திருந்த குறிப்பான அலங்காரங்கள் எதிராளியின் பொருளில் வேறாக இருந்தன.

எதிர்ப்புறத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 'நான் அந்தப் பொருளைப் பார்த்ததே இல்லை, சொந்தமாக யோசித்துச் செய்தேன்' என்பது அமெரிக்க வடிவமைப்புக் காப்புரிமை வழக்கில் பதிலே ஆகாது. பார்த்துச் செய்தவர் தப்பிக்கலாம், பார்க்காமல் செய்தவர் மாட்டிக்கொள்ளலாம். நியாய உணர்வுக்கு இது உறுத்துகிறது. ஆனாலும் நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது முதல் பத்தியை நம் நேர்மையை விளக்குவதற்குச் செலவிடுவது எவ்வளவு வீண் என்பது இதிலிருந்து தெரியும்.

பொருளின் பெயரும் அதன் வேலையும்

அமெரிக்காவில் க்ராக்ஸ் வென்ற கதைக்கு இப்போது வரலாம். இறக்குமதியாகும் போலிகளைத் தடுக்கக் கேட்டு அது சர்வதேச வணிக ஆணையத்துக்குப் போனது. ஆணையம் படத்தை எழுத்தாக மாற்றியது: பட்டையின் அகலம் ஒரே சீராக இருக்கும், துளைகள் சமதூரத்தில் இருக்கும் என்றெல்லாம். எதிராளிகளின் செருப்பில் அவை அப்படியே இல்லை, ஆகவே மீறல் இல்லை என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விவரங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுச் சரிபார்ப்பது முறையல்ல, மொத்தத் தோற்றம் கண்ணில் என்ன பதிவை உண்டாக்குகிறது என்று படத்தோடு ஒப்பிட வேண்டும் என்றது. பிரதிவாதிகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 'அவருடையதில் 13 கோடு, என்னுடையதில் 12 கோடு' என்ற வாதம் தனியாக எடுபடாது. அதே வேறுபாட்டை, பழைய பொருள்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் ஒரு துறையில் காட்டினால் எடுபடும். கூட்டம் நிறைந்த இடத்தில் சின்ன வேறுபாடும் பெரிதாகத் தெரியும்.

படத்தோடு கூடப் பொருளின் பெயரும் உரிமையின் எல்லையைக் குறிக்கிறது. கர்வர் என்ற நிறுவனம் பின்னல் போன்ற ஒரு கோலத்துக்கு உரிமை வாங்கியபோது விண்ணப்பத்தில் அது 'நாற்காலிக்கான' கோலம் என்று எழுதப்பட்டிருந்தது. அதே போன்ற கோலத்தோடு வேறொருவர் கூடை விற்றார். 2019இல் நீதிமன்றம், நாற்காலிக்கு வாங்கிய உரிமை கூடைக்குச் செல்லாது என்றது. ஒரு சொல்தான் வழக்கைத் தீர்மானித்தது. இது இரு பக்கமும் வெட்டும் கத்தி என்பதை 2021இல் சர்ஜிசில் வழக்கு காட்டியது. உதட்டு அறுவைச் சிகிச்சையில் பொருத்தும் உறுப்பு ஒன்றின் வடிவம், ஓவியர்கள் பயன்படுத்தும் காகிதச் சுருள் குச்சியின் வடிவத்தோடு ஒத்திருந்தது. பழைய குச்சியைக் காட்டிப் புதிய உறுப்பின் உரிமையை மறுக்க முடியாது, இரண்டும் வேறு பொருள்கள் என்றது நீதிமன்றம்.

நம் உச்ச நீதிமன்றம் 2008இல் பாரத் கிளாஸ் டியூப் வழக்கில் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நின்றது. கோபால் கிளாஸ் வொர்க்ஸ், ஜெர்மன் நிறுவனத்திடம் வாங்கிய உருளையைக் கொண்டு கண்ணாடித் தகட்டில் ஒரு கோலத்தைப் பதித்து, அதைப் பதிவு செய்திருந்தது. அந்த உருளைகள் 1992 முதலே விற்பனையில் இருக்கின்றன, பிரிட்டனிலும் பதிவு இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. உருளையில் கோலம் இருந்தது வேறு, கண்ணாடித் தகட்டில் அந்தக் கோலம் வந்தது வேறு. கண்ணாடியில் அது முன்பே பயன்பட்டதற்குச் சாட்சி இல்லை என்று உச்ச நீதிமன்றம் பதிவைக் காப்பாற்றியது. பழையதைக் காட்டினால் மட்டும் போதாது, அதே பொருளில் பழையதைக் காட்ட வேண்டும் என்பது இந்த வழக்கின் கடினமான செய்தி.

அடுத்தது பொருளின் வேலை. தோற்றம் முழுவதும் வேலையால் மட்டுமே தீர்மானிக்கப்பட்டால் அதற்கு வடிவமைப்பு உரிமை கிடையாது. 1996இல் பெஸ்ட் லாக் வழக்கில், வெட்டாத சாவித் தகடு ஒன்றின் வடிவத்துக்கு வாங்கிய உரிமை வீழ்ந்தது. அந்தப் பூட்டின் வாய்க்குள் நுழைய வேண்டுமானால் சாவி அப்படித்தான் இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. 2010இல் ஸ்டான்லி நிறுவனத்துக்கு எதிராகத் தச்சு வேலைக்கான பலநோக்குக் கருவி பற்றிய வழக்கு வந்தது. சுத்தியல் தலை, நெம்பும் நகம், கைப்பிடி எல்லாம் வேலைக்காக அமைந்தவை, அவற்றைக் கழித்துவிட்டு மிச்சமுள்ள அலங்காரத்தை மட்டும் ஒப்பிட வேண்டும் என்று நீதிமன்றம் பிரதிவாதியை விடுவித்தது. ஆனால் இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. ஃபோர்டு எஃப்-150 வண்டியின் பானெட்டையும் முகப்பு விளக்கையும் பற்றி, உதிரிபாகம் விற்பவர்கள் 'வண்டியோடு ஒத்துப்போகும் அழகே இதன் வேலை' என்று வாதிட்டார்கள். அழகை வேலை என்று சொல்லிவிட்டால் எந்த வடிவமைப்பும் மிஞ்சாது என்று 2019இல் அது தள்ளுபடியானது.

உரிமையையே வீழ்த்துவது

மீறல் இல்லை என்று சொல்வது ஒரு பாதுகாப்பு. உன் உரிமையே செல்லாது என்று சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான். பின்னால் வந்தால் மீறல் எனப்படும் ஒரு பொருள், முன்னால் இருந்திருந்தால் அந்த உரிமையையே கொன்றிருக்கும். க்ராக்ஸ் போன்ற செருப்புகளைப் பற்றிய இன்டர்நேஷனல் சீவே வழக்கில் 2009இல் இந்தச் சமன்பாடு உறுதியானது. இதனால் வாதி ஒரு சங்கடத்தில் மாட்டுகிறார். தன் உரிமையை அகலமாகப் பொருள்கொண்டு உங்கள் பொருளை உள்ளே இழுத்தால், பழைய பொருளும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது.

தனித்தனியான பழைய பொருள்களைச் சேர்த்துப் பார்த்தால் இது எவருக்கும் தோன்றக்கூடியதே என்று வாதிடுவது 2024 மே வரை அமெரிக்காவில் மிகக் கடினமாக இருந்தது. ஏறக்குறைய அதே தோற்றமுள்ள ஒரு பழைய பொருளை முதலில் காட்டினால்தான் பேச்சையே தொடங்க முடியும் என்ற விதி 1982இலிருந்து இருந்தது. செவ்ரலே எக்வினாக்ஸ் வண்டியின் முன்சக்கர மட்கார்டு பற்றி எல்கேக்யூ நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸை எதிர்த்தது. அது கையில் வைத்திருந்த ஆதாரங்கள் ஒரு பழைய வடிவமைப்புக் காப்புரிமையும், 2010 மாடல் ஹூண்டாய் டூசான் காரின் விளம்பரப் பிரசுரமும். ஃபெடரல் சர்க்யூட் முழு அமர்வாகக் கூடி அந்த இறுக்கமான விதியை நீக்கியது. துறையில் உள்ள சாதாரண வடிவமைப்பாளர் பழையவற்றைப் பார்த்து இதைச் செய்திருப்பாரா என்று நெகிழ்வாகக் கேட்கலாம் என்றது. பிரதிவாதிகளுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய மாற்றம் இது என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் சட்டத்தின் 19ஆம் பிரிவு பதிவை ரத்து செய்யும் காரணங்களைச் சொல்கிறது: இந்தியாவில் முன்பே பதிவானது, இந்தியாவிலோ வேறு நாட்டிலோ முன்பே வெளியானது, புதியதோ அசலோ அல்லாதது, சட்டத்தின் பொருளில் வடிவமைப்பே அல்லாதது. 22ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டால் இதே காரணங்களை அப்படியே பாதுகாப்பாக எடுத்துவைக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் அப்படிச் சொன்னால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். சிறு நிறுவனங்கள் இதை மறந்துவிடுகின்றன. பதிவை எதிர்க்கத் தனியாக ரத்து மனு போட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. அதே சமயம், 'என்னிடமும் ஒரு பதிவு இருக்கிறது' என்பது கேடயமாகாது. பதிவு வைத்திருக்கும் இன்னொருவர் மீதும் வழக்குப் போடலாம் என்று 2013இல் மைக்கோலூப் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்மானித்தது.

க்ராக்ஸ் டெல்லியில் சறுக்கியது இந்த இடத்தில்தான். கனடாவின் ஹோலி சோல்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் இந்த வகைச் செருப்பு முன்பே வந்திருந்தது. க்ராக்ஸின் சொந்த இணையதளத்திலும் விண்ணப்பத் தேதிக்கு முன்பே படம் இருந்தது. பதிவு செல்லுபடியாவது சந்தேகம் என்று தனி நீதிபதி தடையை மறுத்ததை 2019 ஜனவரியில் இரு நீதிபதி அமர்வு உறுதி செய்தது. ஐரோப்பாவில் கணக்கு இன்னும் துல்லியம். அங்கே வடிவமைப்பாளர் தானே வெளியிட்டால் 12 மாதச் சலுகை உண்டு. 2004 மே 28இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 2003 மே 28. ஃபோர்ட் லாடர்டேல் கண்காட்சி அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் நடந்த கண்காட்சி ஐரோப்பியச் செருப்புத் துறையினருக்கு எட்டியிருக்காது என்று க்ராக்ஸ் வாதிட்டும் நிரூபிக்க முடியவில்லை. எந்த மேடையில் அந்தச் செருப்பு புகழ் பெற்றதோ அதே மேடை அதன் உரிமைக்கு எதிரான சாட்சியாயிற்று.

அமெரிக்காவிலும் ஓராண்டுச் சலுகை உண்டு. இந்தியாவில் அப்படிப் பொதுவான சலுகைக் காலம் இல்லை. மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும், முன்கூட்டியே தெரிவித்து 6 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் விலக்கு உண்டு. ஆகவே இந்திய வழக்கில் பிரதிவாதி முதலில் தேட வேண்டியது வேறெங்கோ அல்ல, வாதியின் பழைய முகநூல் பதிவுகள், யூடியூப் விளம்பரம், வணிகக் கண்காட்சிப் பிரசுரம் ஆகியவற்றில்தான். ஆர்வத்தில் அவரே தன் வடிவமைப்பை முன்கூட்டி உலகுக்குக் காட்டியிருப்பார்.

ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். வடிவமைப்புப் பதிவு வீழ்ந்தாலும் 'என் பொருளென்று ஏமாற்றி விற்கிறார்' என்ற வழக்கு தனியாக நிற்க முடியும். க்ராக்ஸ் அந்த அடிப்படையில் போட்ட வழக்குகள் தொடரலாம் என்று 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

6 சென்ட்டும் 53 கோடி டாலரும்

இழப்பீட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. 1885இல் தரைவிரிப்புக் கோலங்களைப் பற்றிய டாப்சன் வழக்கில், லாபத்தில் எவ்வளவு பங்கு கோலத்தால் வந்தது என்று நிரூபிக்க முடியாததால் உரிமையாளருக்குக் கிடைத்தது 6 சென்ட். கொதித்த அமெரிக்க நாடாளுமன்றம் 1887இல் மறுகோடிக்குப் போய், மீறியவரின் மொத்த லாபமும் உரிமையாளருக்கே, குறைந்தது 250 டாலர் என்று எழுதியது. இன்றும் அதுதான் சட்டம். 2011இல் தொடங்கிய ஆப்பிள்-சாம்சங் வழக்கில் இதன் வீரியம் தெரிந்தது. மொத்த லாபம் என்றால் முழுக் கைபேசியின் லாபமா, அதன் முகப்பின் லாபமா? ஒரு பாகமும் 'பொருள்' ஆகலாம் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அப்படியும் 2018 மே மாதத்தில் ஜூரி, வடிவமைப்புகளுக்காக மட்டும் 53.33 கோடி டாலர் விதித்தது. அடுத்த மாதம் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

அதே வழக்கில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. ஆப்பிளின் டேப்லெட் வடிவமைப்புக்கு எதிராக, 1994இல் ரோஜர் ஃபிட்லர் செய்த மின்செய்தித்தாள் பலகையும், ஸ்டான்லி குப்ரிக்கின் 1968 திரைப்படத்தில் விண்வெளி வீரர்கள் மேசையில் வைத்திருக்கும் தட்டையான திரையும் முன்னிறுத்தப்பட்டன. கடைசியில் கேலக்ஸி டேப் 10.1 அந்த வடிவமைப்பை மீறவில்லை என்றே ஜூரி கண்டது. கைபேசிகளில் நிலைமை வேறு. ஐபோனுக்கு முன்பே தான் வடிவமைத்ததாக சாம்சங் காட்ட விரும்பிய எஃப்700 கைபேசியை, உரிய கட்டத்தில் வெளிப்படுத்தவில்லை என்று நீதிபதி லூசி கோ ஜூரியிடம் அந்த நோக்கத்துக்காகக் காட்ட அனுமதிக்கவில்லை. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கே, கையிலிருந்த பழைய பொருள் காலதாமதத்தால் பயனற்றுப் போனது.

இந்தியாவில் 22ஆம் பிரிவின்படி ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய், ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரை என்ற வழி உண்டு. அல்லது உரிமையாளர் இழப்பீடும் தடையாணையும் கேட்டு வழக்குத் தொடரலாம். பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான். பண்டிகைக்கு முன் வரும் ஓர் இடைக்காலத் தடை ஒரு வருட வியாபாரத்தை விழுங்கிவிடும்.

நோட்டீஸ் வந்த பிறகும், வருவதற்கு முன்பும்

அமெரிக்காவுக்கு விற்கும் திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களும் அமேசானில் நேரடியாகப் பொருள் வைத்திருப்பவர்களும் ஒரு நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமை பெற்ற வடிவமைப்பிலான பொருளை அனுமதியின்றி இறக்குமதி செய்வதே அங்கே மீறல். இல்லினாய் மாநிலத்தின் வடக்கு மாவட்ட நீதிமன்றத்தில், இணையத்தில் விற்கும் பலரை ஒரே பட்டியலில் சேர்த்து, அவர்களுக்குத் தெரிவிக்காமலேயே தற்காலிகத் தடை வாங்கி, கணக்கிலுள்ள பணத்தை முடக்கும் வழக்குகள் ஏராளம். விற்பவருக்கு வழக்கே கணக்கு முடங்கிய பிறகுதான் தெரியும். பலர் பணத்தை மீட்டால் போதுமென்று சமரசத்துக்குப் போகிறார்கள். போராடினால் பலன் உண்டு என்பதற்கு ஹோவர்போர்டு வழக்கு சாட்சி. இரு சக்கரங்களுக்கு நடுவே இடுப்பு ஒடுங்கிய அந்தப் பலகை உருவம் முன்பே இருந்தது, ஆகவே ஒப்பிட வேண்டியது மற்ற அம்சங்களைத்தான் என்று சொல்லி, 2022 அக்டோபரில் ஃபெடரல் சர்க்யூட் தடையாணையை நீக்கியது. அங்கேயும் வென்றது பழைய பொருள்தான்.

நோட்டீஸைக் கையில் வாங்கியவர் உடனே எண்ணைத் தேடிப் பார்க்கட்டும். உரிமை உயிரோடு இருக்கிறதா, அனுப்பியவர் பெயரிலா இருக்கிறது, அது கண்டுபிடிப்புக்கா தோற்றத்துக்கா, எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டில்? கோடுகளைப் பார்க்கட்டும். வாதி அமெரிக்காவில் தன் பொருளின் மேல் காப்புரிமை எண்ணைப் பொறிக்காமல் விற்றிருந்தால், தெரிவிப்பதற்கு முந்தைய காலத்துக்கு இழப்பீடு கேட்பதில் அவருக்குச் சிக்கல் உண்டு. இந்தியாவில் பதிவு செய்யக்கூடிய வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் 50 பிரதிகளுக்கு மேல் தயாரித்துவிட்டால், பதிப்புரிமையை வைத்து வழக்குப் போடுவதும் முடியாது. 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பதிப்புரிமைச் சிக்கலுக்கு ஒரு தெளிவான சோதனையை வகுத்தது. வழக்கு நடக்கும்போதே வடிவத்தை மாற்றிக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. வியாபாரம் தொடர அதுவே மலிவான வழியாக இருக்கலாம். பழைய கோப்புகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் பயத்தில் அழிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. அழித்ததே எதிராகப் பேசும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது நோட்டீஸுக்கு முந்தைய காலம்தான். கோவையின் கிரைண்டர் பட்டறைகளிலும், கும்பகோணத்தின் பாத்திரக் கடைகளிலும் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ உருவங்கள் வந்து போயிருக்கின்றன. வேறொருவர் நாளை அவற்றில் ஒன்றைத் தன்னுடையதென்று பதிவு செய்தால், அது பழையது என்று எல்லோருக்கும் தெரியும், காட்ட யாரிடமும் ஒன்றும் இருக்காது. பழைய டை பரணில் கிடக்கும். அதில் தேதி இருக்காது. கேட்லாக் அச்சடித்திருப்பார்கள். ஆண்டு போட்டிருக்க மாட்டார்கள். பில்லில் 'கிரைண்டர் 1' என்று மட்டும் இருக்கும், மாடல் எண் இருக்காது. உருளைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உச்ச நீதிமன்றம் கோடு போட்டதை நினைத்தால், 'இந்த மாதிரி எப்போதும் உண்டு' என்ற வாய்ச்சொல் எவ்வளவு தூரம் போகும் என்று புரியும்.

இதற்குப் பெரிய செலவில்லை. புது அச்சு போட்ட அன்று நான்கு பக்கமும் படம் எடுத்துத் தனக்கே மின்னஞ்சல் அனுப்பி வைக்கலாம். கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் அச்சிடலாம். பில்லில் மாடல் எண்ணை எழுதலாம். இணையதளம் இருந்தால், வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் அந்தப் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேமிக்கச் சொல்லலாம். ஹோலி சோல்ஸ் தன் செருப்பின் படத்தை இணையத்தில் ஏற்றியபோது, பல ஆண்டுகள் கழித்து டெல்லியில் வேறு நிறுவனங்களை அது காப்பாற்றும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். படமும் தேதியும் மட்டும் இருந்தன.